காப்தாய் ஏரி: பதிவேட்டில் இல்லாதவர்களின் நிலம்

அணை கட்டியதில் எத்தனை பேர் ஊரை இழந்தார்கள் என்று கேட்டால் ஏதாவது ஓர் எண் கிடைத்துவிடும். வங்கதேசத்தில் கர்ணபுலி ஆற்றின் குறுக்கே 1962ல் கட்டி முடித்த காப்தாய் அணைக்கு அந்த எண் 18,000 குடும்பங்கள், சுமார் ஒரு லட்சம் பேர். பெரும்பாலான கட்டுரைகள் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகின்றன. அந்த 18,000 குடும்பங்களில் 'நிலம் இழந்தவர்' என்று அரசு ஏற்றுக்கொண்டது யாரை, விட்டுவிட்டது யாரை என்று கேட்டால்தான் கதை திறக்கிறது. காப்தாயில் தண்ணீர் எல்லோரையும் ஒன்றுபோலத்தான் மூழ்கடித்தது. யாருக்கு மறுவாழ்வு, யாருக்கு இல்லை என்று பிரித்தது பதிவேடு. அப்படிப் பிரித்தது 1962ல் முடிந்துபோன சங்கதியும் இல்லை.

ஆறும் பள்ளத்தாக்குகளும்

கர்ணபுலி ஆறு மிசோ மலைகளில் பிறந்து, மேற்கே சிட்டகாங் மலைப்பகுதி வழியாக இறங்கி, சிட்டகாங் துறைமுகத்தை ஒட்டி வங்காள விரிகுடாவில் சேர்கிறது. வழியில் காசலாங், செங்கி, ரெய்ங்க்யாங் ஆறுகள் வந்து கலக்கின்றன. மைனி ஆறு காசலாங்கோடு சேர்ந்து வருகிறது. மலைகள் செங்குத்தானவை, மண் மெல்லியது. நல்ல வண்டல் மண் இருந்ததெல்லாம் இந்த ஆறுகளின் பள்ளத்தாக்குகளில்தான்.

இங்கே வாழ்ந்தவர்கள் சக்மா, மர்மா, திரிபுரா முதலிய பதினோரு இனத்தவர். எண்ணிக்கையில் பெரியவர்கள் பௌத்தர்களான சக்மாக்கள். மலைச்சரிவில் ஜூம் சாகுபடி செய்தார்கள். இலங்கைத் தமிழர் சேனைப் பயிர்ச்செய்கை என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்: காட்டை வெட்டி, காயவிட்டு, சித்திரை வெயிலில் எரித்து, முதல் மழைக்குக் கத்தியால் குழி குத்தி, ஒரே குழியில் நெல், பருத்தி, எள், மிளகாய், பூசணி என்று எல்லா விதையையும் போடுவார்கள். ஒவ்வொன்றும் அதனதன் மாதத்தில் அறுவடைக்கு வரும். ஓரிரு வருடம் விளைந்ததும் அந்தச் சரிவைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள்.

1860ல் இந்தப் பகுதியைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசுக்கு இது பிடிக்கவில்லை. இடம் மாறும் குடியானவனிடம் நிலவரி வாங்குவது கடினம். பள்ளத்தாக்கில் இறங்கி ஏர் உழச் சொல்லி ஊக்குவித்தார்கள். ஒரு தலைமுறை தயங்கியது, அடுத்த தலைமுறை இறங்கியது. அணைக்கான அளவுக்கல் நட்டபோது சக்மாக்களில் பெரும்பகுதியினர் தேர்ந்த நெல் விவசாயிகள். காசலாங், செங்கி பள்ளத்தாக்குகளில் மாடு, ஏர், களத்துமேடு எல்லாம் வைத்திருந்தவர்கள். அரசு சொன்னதைக் கேட்டுச் சரிவிலிருந்து இறங்கி வந்தவர்களின் வயல்தான் முதலில் மூழ்கியது.

நில உரிமையை 1900ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் தீர்மானித்தது. ஏர் உழுத நிலத்துக்குப் பதிவு இருக்கும். ஜூம் நிலத்துக்குத் தனிப் பதிவு கிடையாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி. எந்தச் சரிவில் எந்தக் குடும்பம் என்பதை ஊர்த் தலைவர் கார்பாரியும், பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான மௌசாவின் ஹெட்மேனும் வாய்மொழியாகவே முடிவு செய்வார்கள். யாரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் காலம் காலமாக நடந்த ஏற்பாடு. காகிதம் மட்டும் இல்லை.

இடம் மாறிக்கொண்டே வந்த அணை

கர்ணபுலியில் மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை 1906ல் தொடங்குகிறது. 1923ல் இன்னோர் ஆய்வு. 1946ல் ஈ. ஏ. மூர் என்ற பொறியாளர் கொடுத்த அறிக்கை பர்கால் என்ற இடத்தைப் பரிந்துரைத்தது; இப்போதைய அணையிலிருந்து 65 கிலோமீட்டர் மேலே. 1950ல் ஆலோசனை நிறுவனம் ஒன்று சிலார்தாக் என்ற இடத்தைச் சொன்னது. 45 கிலோமீட்டர் மேலே. அடுத்த ஆண்டு அரசுப் பொறியாளர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வந்து சித்மரம் என்றார்கள். கடைசியில் 1951ல் தலைமைப் பொறியாளர் குவாஜா அசிமுதீன் காலத்தில் காப்தாய் முடிவாயிற்று.

வரைபடத்தை விரித்துவைத்து இந்த நான்கு பெயர்களையும் குறித்துப் பாருங்கள். பர்கால் இருப்பது காசலாங்கும் செங்கியும் வந்து கலக்கும் இடங்களுக்கு மேலே. அணை அங்கிருந்து கீழே இறங்கிய ஒவ்வொரு முறையும் இன்னொரு பள்ளத்தாக்கு அதன் வயிற்றுக்குள் வந்தது. பொறியியல் கண்ணில் அது லாபம்: கூடுதல் ஆறு, கூடுதல் நீர். காப்தாயில் மலைகள் நெருங்கி வருவதால் குறைந்த நீளத்தில் கரையும் கட்டலாம், சிட்டகாங் தொழிற்சாலைகளும் பக்கம்.

1957ல் வேலை தொடங்கியது. அமெரிக்க நிதி, அமெரிக்க ஒப்பந்த நிறுவனம். 670 மீட்டர் நீளம், 45 மீட்டர் உயரத்துக்கு மண்ணணை. வெள்ளம் வடிய 16 மதகுகள். 1962ல் தலா 40 மெகாவாட் வீதம் இரண்டு இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. பின்னர் 1980களில் தலா 50 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று சேர்ந்து மொத்தம் 230 மெகாவாட் ஆயிற்று.

அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்கு 80 மெகாவாட் சிறிய விஷயமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரிவினையில் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கல்கத்தா பக்கம் நின்றுவிட்டன. சணல் விளைந்த நாட்டில் சணல் ஆலை இல்லை. மின்சாரம் வேண்டும் என்ற ஆசையில் குற்றம் காண முடியாது. ஆனால் மலைக்குக் கேட்காமல் கீழே முடிவெடுக்கும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மக்கள்தொகையில் 97 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம் அல்லாதவர்கள் வாழ்ந்த இந்த மாவட்டம் 1947ல் பாகிஸ்தானுக்குப் போனது. ஆகஸ்ட் 15 அன்று மாவட்டத் தலைநகரான ரங்காமாட்டியில் ஏற்றிய இந்தியக் கொடியைச் சில நாள்களில் பாகிஸ்தான் படை வந்து இறக்கியது. சிட்டகாங் துறைமுகத்துக்குப் பின்னிலம் வேண்டும் என்பது எல்லைப் பிரிப்பில் வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. 1953ல் சந்திரகோணாவில் காகித ஆலை வந்தது, மலை மூங்கிலை நம்பி. அணை அதே வரிசையில் வந்த அடுத்த திட்டம்.

தண்ணீர் ஏறியபோது

ஏரி 655 சதுர கிலோமீட்டருக்குப் பரந்தது. எச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவம். இரண்டு கைகளையும் சுபலாங் அருகே ஒரு குறுகிய மலையிடுக்கு இணைக்கிறது. 54,000 ஏக்கர் விளைநிலம் உள்ளே போனது. மலைப்பகுதியில் இருந்த ஏர் உழும் நிலத்தில் அது 40 சதவீதம், அதுவும் நல்ல 40 சதவீதம். பழைய ரங்காமாட்டி நகரம் போனது. சக்மா அரசரின் அரண்மனையும் போனது. வீடிழந்தவர்களில் பத்தில் ஏழு பேர் சக்மாக்கள்.

இங்கேதான் பதிவேடு வேலை செய்யத் தொடங்கியது. 18,000 குடும்பங்களில் ஏறத்தாழ 10,000 குடும்பங்கள் ஏர் உழுதவை; அவர்கள் பெயரில் நிலம் இருந்தது. மீதி 8,000 குடும்பங்கள் ஜூமியாக்கள், அதாவது ஜூம் சாகுபடி செய்தவர்கள். அவர்கள் இழந்த சரிவுகளும் காடும் எந்தப் பேரேட்டிலும் அவர்கள் பெயரில் இல்லை. பெயரில் இல்லாததை எப்படி இழக்க முடியும்? ஜூமியா நாடோடி, இந்தச் சரிவு போனால் அடுத்த சரிவுக்குப் போவான் என்பது அதிகாரிகளின் வாதமாக இருந்தது. ஜூம் சுழற்சிக்கு வேண்டிய மொத்தப் பரப்பே சுருங்கிவிட்டால், ஒரு சரிவை எட்டு, பத்து வருடம் தரிசாகப் போட்டுவைக்க இடமிருக்காது, மூன்று நான்கு வருடத்திலேயே திரும்ப வெட்ட வேண்டிவரும், மண் தேறாது. இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

பதிவு வைத்திருந்தவர்கள் நிலையும் மெச்சும்படி இல்லை. எவ்வளவு இழந்திருந்தாலும் மாற்று நிலம் குடும்பத்துக்கு 10 ஏக்கர்தான் உச்சம். காசலாங் காப்புக்காட்டின் ஒரு பகுதியைத் திறந்து அங்கே குடியேறச் சொன்னார்கள். போனார்கள், மரம் வெட்டினார்கள், வரப்பு கட்டினார்கள், குடிசை போட்டார்கள். தண்ணீர் கணக்கிட்ட மட்டத்தைத் தாண்டி ஏறியதில், அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் முறையும் மூட்டை கட்டினார்கள். மொத்தத்தில் இழந்த நிலத்தில் பாதிகூட மாற்றாகத் தேறவில்லை.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்த மலையில் விவசாயத்துக்கு ஏற்ற மண் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கண்டறிய 1964ல் ஃபாரஸ்டல் என்ற கனடா நிறுவனம் அமர்த்தப்பட்டது. எல்லா வகைப் பயிருக்கும் ஏற்ற நிலம் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் என்று அது சொன்னது. முக்கால் பங்குக்கும் மேல் காட்டுக்குத்தான் லாயக்கு. அணைக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய ஆய்வு, ஏரி நிரம்பி இரண்டு ஆண்டு கழித்து வந்தது. நெல்லை மறந்துவிட்டுப் பழத்தோட்டம் போடுங்கள் என்றது பரிந்துரை. அன்னாசி நன்றாகவே விளைந்தது. சந்தைக்குக் கொண்டுபோக வழியும், அழுகாமல் வைக்க இடமும் இல்லாததால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அரிசியை விளைவித்தவர்கள் அரிசியை விலைக்கு வாங்கும் நிலைக்கு வந்தது அப்போதுதான்.

பர பரங்

1964ல் சுமார் 40,000 சக்மாக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். பெரும் வெளியேற்றம் என்ற பொருளில் அதை 'பர பரங்' என்கிறார்கள் சக்மாக்கள். அதே ஆண்டில்தான் கிழக்குப் பாகிஸ்தானில் மதக்கலவரமும் நடந்தது, மலைப்பகுதிக்கு அரசியல் சட்டத்தில் இருந்த தனிப் பாதுகாப்பும் நீங்கியது. யார் அணையால் வந்தார், யார் பயத்தால் வந்தார் என்று இன்று பிரிக்க முடியாது. பல குடும்பங்களுக்கு இரண்டும்தான் காரணம். மைமன்சிங் பக்கத்திலிருந்து வந்த ஹாஜோங் பழங்குடியினரும் உடன் சேர்ந்தார்கள்.

அன்று அஸ்ஸாமோடு இருந்த மிசோ மலையில் வந்து இறங்கியவர்களை அங்கேயே வைத்திருந்தால் மிசோக்களோடு உரசல் வரும் என்று அஸ்ஸாம் ஆளுநராக இருந்த விஷ்ணு சகாய் முதலமைச்சர் சாலிஹாவுக்கு எழுதினார். வடகிழக்கு எல்லைப்புறத்தில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் திரப் பகுதியில், காலி நிலம் இருக்கிறது என்பது அவர் யோசனை. சீனாவோடு போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆளரவமற்ற எல்லையில் ஆட்கள் இருப்பது நல்லது என்று டெல்லியும் நினைத்தது. 1964 முதல் 1969 வரை 2,902 குடும்பங்கள், 14,888 பேர், அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள்.

'காலி நிலம்' என்ற சொல் ஏற்கெனவே ஒருமுறை இவர்கள் தலையில் இடியாக இறங்கியிருந்தது. காப்தாயில் ஜூம் சரிவுகளைக் காலி நிலம் என்றுதான் எழுதினார்கள். இப்போது அருணாசலத்தின் சிங்போ, காம்தி முதலிய பழங்குடிகளின் வழக்கத்து நிலம் காலி நிலம் ஆயிற்று. அந்த மக்களையும் யாரும் கேட்கவில்லை. பின்னால் சக்மாக்களுக்கு எதிராக அங்கே எழுந்த கோபத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

1994ல் அருணாசல மாணவர் சங்கம் செப்டம்பர் 30க்குள் வெளியேறச் சொல்லிக் கெடு வைத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஜனவரி 9 அன்று வந்த தீர்ப்பு, ஒவ்வொரு சக்மாவின் உயிரையும் சுதந்திரத்தையும் மாநில அரசு காக்க வேண்டும், குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்றது. வாழ்வுரிமை குடிமகனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு. நடைமுறையில் விண்ணப்பம் மாவட்ட அதிகாரியின் மேசையைத் தாண்டவில்லை. 2015ல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது. அதுவும் ஆறிப்போயிற்று. 2022ல் அருணாசல அரசு இவர்களுக்குக் கொடுத்துவந்த குடியிருப்புச் சான்றிதழையும் நிறுத்தியது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் படைவேலைக்குப் போக முடியாது, வெளியூர்க் கல்லூரியில் சேர்வதும் சிக்கல்.

1964ல் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். இந்தியாவில் 1987 ஜூலைக்கு முன் பிறந்த அவர்களின் பெற்றோர் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியர்கள். நிரூபிக்கக் காகிதம் வேண்டும்; காகிதம் கொடுக்க வேண்டிய அலுவலகம் கொடுக்காது.

அங்கேயே தங்கியவர்கள்

மனபேந்திர நாராயண் லார்மா மாணவராக இருந்தபோது அணைக்கு எதிராகப் பேசி 1963ல் சிறைக்குப் போனவர். அவர் பிறந்த மகாபுரம் கிராமம் ஏரிக்குள் இருக்கிறது. 1972ல் வங்கதேச அரசியல் நிர்ணய சபையில், குடிமக்கள் அனைவரும் வங்காளிகளே என்ற அரசியல் சட்ட வரியை ஏற்க முடியாது என்று எழுந்து நின்றவரும் அவரே. அந்த ஆண்டே மலைமக்கள் கட்சியைத் தொடங்கினார். அதன் ஆயுதப் பிரிவு சாந்தி வாஹினி. 1983ல் உட்பகையில் கொல்லப்பட்டார். அவர் தம்பி சந்து லார்மா 1997 டிசம்பர் 2 அன்று அரசோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நடுவில் இருபது வருடத்துக்கு மேல் போர், படுகொலைகள், இந்தியாவின் திரிபுரா மாநில முகாம்களில் பல்லாயிரம் அகதிகள்.

போருக்கு அணை மட்டுமே காரணம் என்பது மிகை. ஆனால் 1979 முதல் அரசு சமவெளியிலிருந்து சுமார் நான்கு லட்சம் வங்காளிகளை மலைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியபோது, குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் மலைநிலம் தருவதாகச் சொன்னது. மூழ்கியவர்களுக்குக் கொடுக்க இல்லை என்ற நிலம் இப்போது எங்கிருந்து வந்தது? பதிவேட்டிலிருந்துதான். ஜூம் நிலமும், ஊருக்குப் பொதுவான காடும் அங்கே அரசுப் புறம்போக்கு என்று எழுதியிருந்தது. வந்த குடும்பங்களும் ஏழைகள். அவர்களில் பலர் பத்மா, மேக்னா கரையரிப்பில் ஊரை இழந்தவர்கள். கையில் ஒரு சீட்டோடு வந்தார்கள். ஒரே சரிவுக்கு ஒருவரிடம் சீட்டும் இன்னொருவரிடம் தாத்தாவின் நினைவும் இருந்தன. இதைத் தீர்க்க 2001ல் சட்டம் போட்டு நில ஆணையம் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. தீர்ப்பு என்று வெளியே எதுவும் வந்தபாடில்லை.

தண்ணீரோடு ஏறி இறங்கும் வயல்

இன்றைய காப்தாய் ஏரியைப் பார்க்கிறவர்களுக்கு அழகுதான் முதலில் தெரியும். பச்சைக் குன்றுகள், படகுகள், ரங்காமாட்டியின் தொங்குபாலம்; மழை அதிகமானால் அந்தப் பாலத்தின் நடைபலகையே தண்ணீருக்குள் போய்விடும். ஏரியில் மீன்பிடி பெரிய தொழில். தொடக்க காலத்தில் வலையில் பெரும்பாலும் விழுந்தது ரோகு, கட்லா போன்ற கெண்டை இனம். இப்போது விரல்நீளக் கேச்கியும் சாபிலாவும்தான் அதிகம். இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் மே மாதம் வாக்கில் தொடங்கி மூன்று மாதம் மீன்பிடிக்கத் தடை. பதிவு செய்த மீனவர்களுக்கு அந்த மாதங்களில் அரிசி கிடைக்கும். பதிவு செய்யாதவர்களுக்கு இல்லை.

ஏரிக்கரையில் இன்னொரு விவசாயம் நடக்கிறது. மழை முடிந்து மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறந்துவிட விட, ஓரங்களில் வண்டல் படிந்த நிலம் மெல்ல வெளியே வரும். அதை 'ஜலே பாசா' நிலம் என்கிறார்கள். தை, மாசி வாக்கில் தண்ணீர் பின்வாங்கும் வரிசையில் மேலேயிருந்து கீழாக நாற்று நடுவார்கள். ஏர் அதிகம் தேவையில்லை, சேறு இளகித்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் அறுத்துவிட வேண்டும். தண்ணீர் பத்து நாள் தாமதமாக இறங்கினால் நடவு பத்து நாள் பின்தங்கும். கோடைமழை முந்திக்கொண்டால் பால்பிடித்த கதிர் அப்படியே முழுகும். இந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. சில குடும்பங்களுக்கு இது தங்கள் பழைய வயலின் மேல்விளிம்பே.

எந்தத் தேதிக்கு ஏரியில் எத்தனை அடி நிற்க வேண்டும் என்று மின்வாரியத்திடம் ஓர் அட்டவணை உண்டு. உச்சம் 109 அடி. அதை நெருங்கினால் 16 மதகுகளையும் ஆறு அங்குலம் திறப்பார்கள், அப்போது கீழே கர்ணபுலிக் கரையோர ஊர்கள் பதறும். மின்வாரியம் தண்ணீரைத் தேக்கிவைக்கப் பார்க்கிறது. மீன்துறைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். ஏரியைச் சுற்றிய உள்ளடங்கிய ஊர்களுக்குப் படகுதான் பேருந்து என்பதால் பயணிகளுக்கும் அதே தேவை. சீக்கிரம் இறக்கச் சொல்வது ஓரத்து விவசாயி மட்டும். நட்டத்துக்கு அவரால் ஈடு கேட்க முடியாது. கேட்டால் முதலில் கேட்பது நிலத்தின் பதிவைத்தான்.

காப்தாய் இன்றும் வங்கதேசத்தின் ஒரே நீர்மின் நிலையம். நாட்டின் மின் உற்பத்தித் திறன் 25,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் இந்த 230 மெகாவாட் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கோடையில் தண்ணீர் வற்றும் வாரங்களில் ஐந்து இயந்திரங்களில் ஒன்றோ இரண்டோதான் சுற்றுகின்றன. அந்த வாரங்களில்தான் ஓரத்து நெல் அறுவடைக்கு நிற்கிறது. ஏரியின் அட்டவணையை வகுக்கும் கூட்டத்தில் மின்வாரியத்துக்கும் மீன்துறைக்கும் இருக்கும் இடத்தை மௌசா ஹெட்மேன்களுக்கும் கொடுப்பதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, ஓர் ஆணை போதும். ஜலே பாசா நிலத்தில் யார் எந்தத் துண்டில் நடுகிறார்கள் என்ற விவரமும் அவர்களுக்குத் தெரியும்.